உடலின் நிறையும் குருதியின் அமுக்கமும்

அமுக்கம் என்ற சொல்லின் பொருளைக் கரையில் நின்று கற்பவரிலும் நீருள் மூழ்குபவரே நன்கு அறிவர். மன்னார்க் கடலிலே முத்தும் சங்கும் குளித்தோர், எத்தனை பாகம் இறங்கினால் காது அடைக்கும், எத்தனை பாகத்தில் நெஞ்சு நெரியும் என்பதை ஏட்டுக் கல்வியின் துணையின்றியே கணித்து வைத்திருந்தனர். பத்து மீற்றர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகின்றது என்பது பௌதிகவியல் அவ்வறிவுக்குப் பின்னர் கொடுத்த விளக்கமே. மன்னார் நகருக்கு அணித்தாக, பெயரிலேயே எருக்கலையையும் பிட்டியையும் தாங்கி நிற்கும் எருக்கலம்பிட்டி, இத்தகைய கடலறிவின் நடுவே வளர்ந்த முஸ்லிம் ஊர்களுள் ஒன்று. எனினும் இன்று அவ்வூரவர் அதிகமாக அஞ்சவேண்டிய அமுக்கம் கடலுள் இல்லை. அது அவரவர் நாடிகளுக்குள் இருக்கின்றது.

குருதிக்கும் அமுக்கம் உண்டென்பதை அளந்து காட்டியவர் ஸ்ரீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார். குதிரையொன்றின் நாடியிலே கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, குருதி எட்டு அடிக்கு மேல் உயர்ந்து நின்றதை அவர் 1733இல் வெளியிட்ட நூலிலே விவரித்தார். மனிதரிடத்து இத்தகைய அளவை இயலாது. 1896இல் இத்தாலியரான றிவா றொச்சி கையைச் சுற்றிக் காற்றடைக்கும் பட்டையை ஆக்கினார். 1905இல் உருசிய வைத்தியரான கொறொற்கொவ், பட்டையின் கீழே நாடியில் எழும் ஒலியைக் கேட்டு மேலளவையும் கீழளவையும் வேறுபடுத்தும் முறையைக் கண்டார். மன்னார்க் கரையிலே மரிச்சுக்கட்டிப் பகுதியில் முத்துக்குளிப்பு வரலாறு காணாத விளைவைத் தந்த ஆண்டும் அந்த 1905 தான் என்பது தற்செயலான பொருத்தம். இரசமானியிலே 120 மில்லிமீற்றர் என்று குறிக்கப்படும் அளவு, நீரிலே ஏறக்குறைய 1.6 மீற்றர் உயரத்துக்குச் சமம். அதாவது, ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் ஓர் ஆளின் உயரத்துக்கு நீரை எழுப்பக்கூடிய விசையைப் பிறப்பிக்கின்றது. அவ்வளவு 160 ஆகுமிடத்து நீர்நிரல் இரண்டு மீற்றரையும் கடந்துவிடும். அந்தப் பளுவை இரவும் பகலும் இதயம் சுமக்கவேண்டும். மூளையினதும் சிறுநீரகத்தினதும் மெல்லிய குழாய்கள் தாங்கவேண்டும்.

மூழ்குபவருக்குக் காது அடைத்து எச்சரிக்கும். குருதியமுக்கமோ எச்சரிப்பதில்லை. 140/90 என்ற எல்லையைத் தாண்டிய பின்னரும் ஆண்டுக்கணக்கில் ஒருவர் உண்பார், உழைப்பார், உறங்குவார். ஊர்வழக்கிலே ‘பிரஷர்’ எனப்படும் இந்நோய் தலைசுற்றலோடும் கோபத்தோடும் தொடர்புபட்டது என்ற எண்ணம் பரவலாக உண்டு. தலை சுற்றினால் ‘பிரஷர் கூடிற்று’ என்பர். சுற்றாவிடில் சுகம் என்பர். இந்தப் பிழையான எண்ணமே பலருடைய குளிசைகளைப் பெட்டிக்குள் உறங்க வைக்கின்றது.

எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த ஆசிரியை ஒருவரின் நிலை இதனை விளக்கப் போதுமானது. அவருடைய பெயர் இங்கு வேண்டப்படுவதன்று. அவரைப் போன்றோர் அவ்வூரிலும், அவ்வூரவர் சென்று குடியேறிய இடங்களிலும் பலர். 1990 ஒக்டோபர் இறுதியில் வடமாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது அவருக்கு வயது பதினாறு. மன்னார்த் தீவினின்றும் வள்ளங்களில் ஏறி, கற்பிட்டிக் கரையிறங்கி, புத்தளம் பகுதியிலே கிடுகு வேய்ந்த கொட்டிலொன்றில் அவருடைய குடும்பம் வாழத் தொடங்கிற்று. அங்கேதான் அவர் படித்தார், ஆசிரியத் தொழில் பெற்றார், மணமுடித்தார். வள்ளமும் வலையும் இழந்த அவருடைய வாப்பா நாட்கூலிக்குச் சென்றார். நெடுநாட் குருதியமுக்கத்தோடு வாழ்ந்து, 2003இல் பாரிசவாதம் கண்டு, மூன்றாம் நாள் மறைந்தார். அவர் தலைசுற்றிய நாட்களில் மாத்திரமே குளிசை விழுங்கியவர் என்பது பின்னர் தெரியவந்தது. 2009இல் போர் முடிந்த பின் மீளக்குடியேறியோருள் இவ்வாசிரியையும் ஒருவர். உம்மா, கணவர், இரு பிள்ளைகள், தாம் என ஐவர் கொண்ட வீடு அவருடையது.

ஐம்பதைக் கடந்த அவருடைய நிறை 84 கிலோகிராம். உயரம் 154 சென்ரிமீற்றர். நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் உடற்றிணிவுச் சுட்டி 35.4. மூன்று வகைக் குளிசைகள் எழுதப்பட்டிருந்தும் அவருடைய கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்திலே 168/102 என்று பதியப்பட்டிருந்தது. வாப்பாவின் கொப்பியிலும் இத்தகைய எண்களே இருந்தன என்பதை அவர் மறக்கவில்லை. இந்நிலையிலேதான் கட்டாரில் தொழில் புரியும் தம்பி ஒரு யோசனையைச் சொன்னார். அவருடன் வேலை செய்பவர் ஒருவர் இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை செய்துகொண்டு முப்பது கிலோ குறைந்துவிட்டாராம்; பிரஷர்க் குளிசையும் நிறுத்தப்பட்டுவிட்டதாம். “காசை நான் அனுப்புறேன் ராத்தா, கொழும்புல போய்ச் செய்யுங்க” என்பது அவருடைய வேண்டுகோள். உம்மாவுக்கோ இது சற்றும் உடன்பாடில்லை. “அல்லாஹ் தந்த வயித்தை வெட்டி எறியவா மகள்?” என்று அவர் கேட்டார். ஆசிரியையின் வினா இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. தோற்றம் மாறுவதைப்பற்றி அவர் கவலைப்படவில்லை. வாப்பாவுக்கு வந்தது தமக்கும் வராமல் இருக்க அச்சத்திரசிகிச்சை உதவுமா என்பதே அவர் அறிய விரும்பியது.

இவ்வினாவுக்கு விடை காண, உடல் பருப்பதற்கும் குருதியமுக்கம் உயர்வதற்குமுள்ள தொடர்பை முதலில் நோக்கவேண்டும். கொழுப்பு வெறும் சேமிப்புப் பண்டம் என்ற பழைய கருத்து இன்று நிலைபெறவில்லை. அது ஓமோன்களைச் சுரக்கும் உயிர்ப்புள்ள இழையம். அவ்விழையத்திலிருந்து வரும் லெப்ரின் முதலியன பரிவு நரம்புத் தொகுதியைத் தூண்ட, இதயம் விரைகின்றது, நாடிகள் இறுகுகின்றன. வயிற்றுக்குள் திரளும் கொழுப்பு சிறுநீரகத்தைச் சூழ்ந்து நெருக்குகின்றது. றெனின், அஞ்சியோரென்சின், அல்டொஸ்ரறோன் என்னும் ஓமோன் தொடரும் முடுக்கப்படுகின்றது. இவை யாவும் சேர்ந்து சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய உப்பை உடலிலேயே தேக்குகின்றன. உப்பு தேங்குமிடத்து நீரும் தேங்கும். நீர் தேங்குமிடத்துக் குழாய்களில் அமுக்கம் கூடும். இதனோடு, பருத்தவர்கள் பலருக்கு உறக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு இடையிடையே நின்றுவிடுதலும் உண்டு. அதுவும் இரவோடிரவாக அமுக்கத்தை உயர்த்துகின்றது. எனவே நிறை குறைந்தால் அமுக்கம் குறையும் என்பது பொதுவாக உண்மையே. உணவாலும் நடையாலும் நிறை குறைத்தோரை ஆராய்ந்த பல ஆய்வுகளின் தொகுப்பு, ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் என்ற அளவிலே மேலமுக்கம் இறங்குவதைக் காட்டிற்று. ஆயினும் அவ்வாறு குறைத்த நிறையைப் பல்லாண்டு காத்து நிற்பவர் மிகச் சிலரே. சத்திரசிகிச்சைக்கு இடம் ஏற்பட்டது இதனாலேயே.

இத்துறையின் முதல் முயற்சிகள் 1950களில் அமெரிக்காவிலே நடந்தன. சிறுகுடலின் பெரும்பகுதியை உணவுப் பாதையினின்றும் விலக்கிய அம்முறை நிறையைக் குறைத்ததெனினும் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்தமையாற் கைவிடப்பட்டது. 1966இல் அயோவாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் மேசன், இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்து அதனைச் சிறுகுடலோடு நேரே இணைக்கும் முறையைத் தொடங்கினார். அதன் திருந்திய வடிவமே இன்று இரைப்பை மாற்றுவழிச் சத்திரசிகிச்சை எனப்படுகின்றது. முட்டையளவான பையொன்றே எஞ்சுமாறு இரைப்பை பிரிக்கப்படுகின்றது. மற்றொரு முறையிலே இரைப்பையின் ஏறக்குறைய முக்காற் பங்கு நீளவாக்கில் வெட்டியகற்றப்பட, சட்டைக்கை போன்ற குழாயொன்று எஞ்சுகின்றது. இவ்விரண்டும் வயிற்றிலே சிறு துளைகள் இட்டுக் கருவிகளைச் செலுத்திச் செய்யப்படுவன. இவற்றின் பயன் உணவின் கொள்ளளவு குறைவதனால் மாத்திரம் விளைவதன்று. பசியைத் தூண்டும் ஓமோன் குறைவதும், நிறைவுணர்வையும் இன்சுலினையும் தூண்டும் குடல் ஓமோன்கள் கூடுவதும் பெருங் காரணங்களாகும். குருதியமுக்கம் சத்திரசிகிச்சையின் பின் முதல் வாரத்திலேயே, நிறை பெரிதாகக் குறையுமுன்னரே, இறங்கத் தொடங்குவது கவனிக்கப்பட்டுள்ளது. சிறுநீரகம் தேக்கிய உப்பை விடுவிப்பதும், பரிவு நரம்பின் முனைப்புத் தணிவதும், உண்ணும் உப்பின் அளவே சட்டென்று குறைவதும் இதற்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன.

இவை கொள்கைகள், பயன் எவ்வளவு என்பதை ஆய்வுகளே சொல்லவேண்டும். பிறேசில் நாட்டின் சாவோ பவுலோ நகர வைத்தியசாலையொன்றிலே, குறைந்தது இரண்டு வகைக் குளிசைகளை உண்ணும் 100 பேர் தெரிந்தெடுக்கப்பட்டனர். அவர்களுட் பாதிப்பேருக்கு மருந்தோடு இரைப்பை மாற்றுவழிச் சத்திரசிகிச்சையும், எஞ்சியோருக்கு மருந்து மாத்திரமும் என்று திருவுளச்சீட்டு முறையில் ஒதுக்கப்பட்டது. 2018இல் வெளிவந்த ஓராண்டு முடிவின்படி, அமுக்கத்தை 140/90க்குக் கீழ் வைத்துக்கொண்டே குளிசைகளின் தொகையை மூன்றிலொரு பங்களவு குறைக்க முடிந்தவர்கள் சத்திரசிகிச்சைக் குழுவில் நூற்றுக்கு 84 பேர். மருந்துக் குழுவில் 13 பேர். குளிசை எதுவுமின்றியே அமுக்கம் கட்டுப்பட்டு நின்றோர் முன்னதில் நூற்றுக்கு 51 பேர், பின்னதில் ஒருவருமில்லை. ஐந்தாண்டுகள் கழிந்தபின்னும் முன்னைய குழுவில் நூற்றுக்கு 47 பேர் அந்நிலையிலே இருந்தனர் என்று 2024இல் அறிவிக்கப்பட்டது. தம்பியின் நண்பர் கூறியது வெறும் கதையன்று என்பதற்கு இது தக்க சான்று.

எனினும் சுவீடன் தரும் சான்று வேறொரு பாடத்தைக் கூறுகின்றது. 1987இல் தொடங்கிய அந்நாட்டு ஆய்விலே ஏறக்குறைய 4,000 பேர் பல்லாண்டு பின்தொடரப்பட்டனர். சத்திரசிகிச்சை பெற்றோருள் முன்னிருந்த உயர் குருதியமுக்கம் நீங்கியோர் இரண்டாம் ஆண்டில் நூற்றுக்கு 34 பேராக இருந்தனர். பத்தாம் ஆண்டில் அத்தொகை 19 ஆகச் சுருங்கிற்று. சத்திரசிகிச்சை பெறாதோரிடையே இத்தொகைகள் 21, 11 என நின்றன. வேறுபாடு நிலைத்தது உண்மை. ஆயினும் நீங்கிய நோய் பலரிடம் திரும்பியதும் உண்மை. அவ்வாய்விலே பெரும்பாலார்க்குச் செய்யப்பட்டவை இரைப்பையை இறுக்கும் பழைய முறைகள் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். பின்லாந்தில் 240 பேரிடம் நடந்து 2022இல் வெளியான பத்தாண்டு முடிவிலும், உயர் அமுக்கம் நீங்கியோர் மாற்றுவழி முறையில் நூற்றுக்கு 24 பேர், குழாய் முறையில் 8 பேர் மாத்திரமே. எந்த முறை செய்யப்படுகின்றது, எத்தனை ஆண்டின் பின் அளக்கப்படுகின்றது, நோய் எத்தனை ஆண்டு பழையது என்பவற்றைப் பொறுத்தே விடை மாறுகின்றது. பல்லாண்டு உயர்ந்த அமுக்கத்தைத் தாங்கித் தடித்து இறுகிய நாடிச் சுவர், நிறை குறைந்தவுடன் இளமைக்குத் திரும்பிவிடுவதில்லை.

ஆயினும் குளிசையின் தொகையை மாத்திரம் கொண்டு இச்சிகிச்சையை மதிப்பிடுதல் முறையாகாது. அதே சுவீடன் ஆய்விலே, சத்திரசிகிச்சை பெற்றோரிடையே மரணம் குறைவாக நிகழ்ந்தமை 2007இல் வெளியிடப்பட்டது. நீரிழிவு தணிதல், உறக்கத்து மூச்சுத்தடை நீங்குதல், முழங்கால் நோவு குறைதல் என்பனவும் இதன் பயன்களே. மறுபக்கத்தில் இதன் விலையும் சிறியதன்று. தேர்ந்த நிலையங்களில் உயிராபத்து மிக அரிதெனினும் இல்லாததன்று. தையலிற் கசிவு, குருதிப்பெருக்கு, பித்தக்கல் முதலியன நேரலாம். உயிர்ச்சத்து பீ12, இரும்பு, கல்சியம், உயிர்ச்சத்து டீ என்பவற்றை வாழ்நாள் முழுவதும் மருந்தாக உட்கொள்ளவேண்டும். குருதிப் பரிசோதனைகளை விடாது செய்யவேண்டும். அமுக்கம் விரைவாக இறங்குவதால், பழைய அளவிலே குளிசையை விழுங்குபவர் எழுந்து நிற்கையில் மயங்கி விழுதலும் உண்டு. நீரை ஒரேயடியாகப் பருக இயலாத சிறு இரைப்பையோடு வெப்பம் மிகுந்த மன்னார்க் கோடையில் நோன்பு நோற்பதும் வைத்தியரோடு கலந்தே முடிவு செய்யவேண்டிய ஒன்று. குளிசையினின்றும் விடுதலை என்று பேசப்படுவது, ஒருவகையில், ஒரு குளிசைக்குப் பதிலாக இன்னொன்றை ஏற்றுக்கொள்ளும் பண்டமாற்றாகவே அமைகின்றது. அது இலாபமான மாற்றாக இருக்கலாம். ஆனால் மாற்று என்பதை அறிந்தே அதில் இறங்கவேண்டும்.

ஆசிரியை சந்தித்த வைத்தியர் சத்திரசிகிச்சை வேண்டாமென்று கூறவில்லை. 2022இல் உலகச் சத்திரசிகிச்சையாளர் சங்கங்கள் வெளியிட்ட நெறிமுறைப்படி சுட்டி 35ஐக் கடந்த எவரும் தகுதியுடையவர். ஆசிய மக்களுக்கு 27.5 முதலே எண்ணிப் பார்க்கலாம். எனவே அவர் தகுதியுடையவரே. ஆயினும் முதலில் இரண்டு கணக்குகளை எழுதிவரும்படி வைத்தியர் கேட்டார். சென்ற மாதம் கொடுத்த குளிசைகளுள் எத்தனை எஞ்சியுள்ளன? வீட்டிலே ஒரு கிலோ உப்பு எத்தனை நாளில் முடிகின்றது?

கணிதம் கற்பிக்கும் அவருக்கு இக்கணக்குகள் கடினமானவை அல்ல. அவற்றின் விடைதான் கடினமாக இருந்தது. முப்பது நாளைக்குக் கொடுத்த குளிசைகளில் பதினொரு நாளுக்குரியவை உறையிலேயே கிடந்தன. காலைப் பாடசாலை அவசரத்தில் மறந்தவை சில. சுகமாக இருக்கின்றதே என்று விட்டவை பல. வாப்பாவின் வழக்கம் மகளிடமும் அறியாமலே தொடர்ந்திருந்தது. உப்புப் பொதியோ பதினெட்டு நாளில் முடிந்தது. ஆயிரம் கிராமைப் பதினெட்டாலும் ஐந்தாலும் வகுத்தால் ஆளொன்றுக்கு நாளொன்றுக்குப் பதினொரு கிராம். மீன் கழுவவும் அரிசி வடிக்கவும் போவதை ஓரளவு கழித்தாலும், கருவாடு, மாசி, ஊறுகாய், கடைப் பலகாரங்கள் என்பவற்றின் உப்பு இதிற் சேரவில்லை. உலக சுகாதார நிறுவனம் விதித்த எல்லை ஐந்து கிராம். அவ்வளவிற் சமைத்தால் அதே பொதி நாற்பது நாளைக்குப் போதும்.

உப்பைப்பற்றி அக்கரையிற் பேசுவது எளிதன்று. நெய்தல் நிலத்து உப்பை உமணர் வண்டிகளில் ஏற்றி உள்நாடு சென்ற காலந்தொட்டுத் தமிழர் வாழ்விலே உப்பு செல்வமாகவும் நன்றியாகவும் கருதப்பட்டது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்றும், உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்றும் பழமொழிகள் எழுந்தன. மன்னாரிலும் உப்பளம் உண்டு. எருக்கலம்பிட்டி மக்கள் அடைக்கலம் புகுந்த புத்தளமும் உப்பளத்துக்குப் பேர்போன இடம். பிடித்த மீன் விற்றது போக எஞ்சியதைக் கெடாது காக்க உப்பைவிட வேறு வழி அந்நாளில் இருந்ததில்லை. “உப்பில்லாத ஆணத்தை யாரு மகள் தின்னுற?” என்று உம்மா கேட்டது வெறும் நாச்சுவையின் குரலன்று, பல தலைமுறைகளின் வாழ்வு முறை அதிற் பேசிற்று. ஆனால் அந்த உப்பை உண்டு வியர்வையாகக் கொட்டிய உழைப்பு இன்று இல்லை. வள்ளம் தள்ளியோரின் பேரப்பிள்ளைகள் முச்சக்கர வண்டியிற் பாடசாலை செல்கின்றனர்.

இங்கே தனிமனிதரின் ஒழுக்கத்தை மாத்திரம் குறைகூறுவது நீதியன்று. 1990க்கு முன்னர் கிணற்றடிக்கும் கடற்கரைக்கும் உறவினர் வீட்டுக்குமாக நடந்த பெண்கள், அகதி முகாமின் நெருக்கமான வரிசைகளுள் ஆண்டுக்கணக்கில் அடைந்து வாழ்ந்தனர். நிவாரணமாகக் கிடைத்தவை அரிசியும் மாவும் சீனியுமே. நாளைய உணவு நிச்சயமற்ற வீட்டிலே இன்று கிடைத்ததை நிறைய உண்பது அறியாமை அன்று, அச்சத்தின் விளைவு. மீளத் திரும்பியோருட் பலர் புத்தளத்தில் ஒரு வீடும் மன்னாரில் ஒரு வீடுமாக இரண்டிடத்தும் காலூன்றி வாழ்ந்தனர். அத்தகையோருக்குக் கிளினிக்கும் குளிசையும் தொடர்ச்சியாக அமைவது அரிது. ஆசிரியையின் 84 கிலோவிலே அவருடைய உணவுப் பழக்கத்தோடு ஊரின் வரலாறும் சேர்ந்தே நிறுக்கப்படுகின்றது எனின் மிகையாகாது.

நான்கு மாதங்கள் கழிந்தன. குளிசைகளை இரவு உணவோடு, உம்மாவின் குளிசையும் தம்முடையதுமாக ஒருங்கே எடுப்பது என்று அவர் வழக்கப்படுத்திக்கொண்டார். கருவாட்டை இருமுறை நீரில் ஊறவைத்துப் பிழிந்து சமைக்கவும், ஆணத்தில் உப்பைக் குறைத்துப் புளியும் மிளகும் கூட்டவும் உம்மா உடன்பட்டார். உப்புப் பொதி முப்பத்து மூன்று நாள் வந்தது. நிறையில் நான்கு கிலோவே குறைந்தது; அமுக்கமோ 142/88க்கு இறங்கிற்று. இது வியப்புக்குரியதன்று. இலங்கையின் நகர்ப்புறக் கிளினிக்குகளிலே 700 பேரிடம் நடத்தி 2018இல் வெளியிடப்பட்ட ஆய்வில், மூன்று மருந்துகளைச் சிற்றளவில் ஒரே குளிசையாகக் கொடுத்தபோது ஆறு மாதத்தில் நூற்றுக்கு 70 பேர் இலக்கை எட்டினர். வழமையான முறையில் எட்டியோர் 55 பேர். இலங்கை, பாகிஸ்தான், வங்காளதேசம் ஆகிய நாடுகளின் கிராமங்களில் 2,645 பேரிடம் நடந்து 2020இல் வெளியான இன்னோர் ஆய்வு, சமூகச் சுகாதாரப் பணியாளர் வீடு தேடிச்சென்று அமுக்கத்தை அளந்து அறிவுரை கூறிய இடங்களில் மேலமுக்கம் ஏனைய இடங்களைவிட 5 மில்லிமீற்றர் கூடுதலாக இறங்கியதைக் காட்டிற்று. சீனாவின் 600 கிராமங்களிலே சாதாரண உப்பின் காற்பங்கைப் பொற்றாசியம் குளோரைட்டாக மாற்றிக் கொடுத்தபோது பாரிசவாதம் நூற்றுக்கு 14 வீதம் குறைந்தமை 2021இல் அறியப்பட்டது. அத்தகைய உப்பு சிறுநீரக நோயாளருக்கும் சிலவகைக் குளிசை உண்போருக்கும் ஆகாது என்பதும் உடன் சொல்லப்படவேண்டியதே.

அவ்வாறாயின் சத்திரசிகிச்சை தேவையற்றது என்பது முடிவா? அன்று. ஆசிரியைக்குச் சீனி வியாதியின் தொடக்கம் இருப்பதும், உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுவதும் இதற்கிடையே அறியவந்தன. நிறையைக் குறைக்கும் ஊசிமருந்துகள் இந்நாட்களில் வந்துள்ளன. அவையும் அமுக்கத்தை ஓரளவு இறக்குவன. ஆனால் நிறுத்தினால் நிறை பெரும்பாலும் மீளும், விலையும் ஓர் ஆசிரியரின் சம்பளத்துக்கு எட்டாதது. ஆகவே அவர் சத்திரசிகிச்சை வைத்தியரைக் காண நாள் குறித்திருக்கின்றார். மன்னாரிலிருந்து கொழும்பு ஏறக்குறைய 300 கிலோமீற்றர். செய்துகொண்ட பின்னரும் ஆண்டுதோறும் அப்பயணம் தொடரவேண்டும் என்பதைத் தம்பிக்கு எழுதி, காசை ஒருமுறை அனுப்பினாற் போதாது என்பதையும் விளக்கியுள்ளார். குளிசை அறவே நின்றுவிடும் என்ற எதிர்பார்ப்பு அவரிடம் இப்போது இல்லை. நின்றால் நன்று, நில்லாவிடினும் மூன்று ஒன்றாகலாம், அதற்கும் மேலாக, வாப்பாவுக்கு வந்தது தமக்கு வரும் வாய்ப்புக் குறையலாம். உம்மாவும் முன்போல் மறுக்கவில்லை. உப்பைக் குறைத்த ஆணத்தை உண்டபின் தமது கொப்பியிலும் எண்கள் இறங்கியதை அவர் கண்டிருக்கின்றார்.

உயர் குருதியமுக்கத்தை வெல்வதற்குச் சத்திரசிகிச்சைக் கத்தி ஒரு கருவி. அது வேண்டியவர்க்கு உரிய காலத்தில் அரச வைத்தியசாலைகளிலும் எட்டக்கூடியதாக இருக்கவேண்டும். 1951 முதல் வைத்தியசாலைக் கட்டணத்தை நீக்கிய நாட்டிலே இவ்வேண்டுகோள் மிகையானதன்று. ஆனால் கத்தி எட்டுவது சிலருக்கே; பட்டையும் குளிசையும் உப்புக் கணக்கும் எல்லாருக்கும் எட்டக்கூடியன. நாற்பதைத் தாண்டிய ஒவ்வொருவரும், சுகமாக இருக்கும்போதே, ஆண்டுக்கு ஒருமுறையேனும் அமுக்கத்தை அளந்துகொள்ளல் வேண்டும். பல்கலைக்கழகத்திலே கற்கும் மாணவர் விடுமுறைக்கு ஊர் செல்லுகையில் பெற்றோரின் கிளினிக் கொப்பியை ஒருமுறை விரித்துப் பார்ப்பாராயின், உறையுள் எஞ்சிய குளிசைகளையும் எண்ணிப் பார்ப்பாராயின், அவர் கற்ற கல்வி அவ்வீட்டுக்கு அன்றே பயன் தரத் தொடங்கும்.